மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயர் அன்று: பித்தநாளக் கற்களும் நம் தாமதங்களும்

 

நம் வீடுகளில் பெண்களின் வயிற்று வலிக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு: வாயு. மேல் வயிறு இறுக்கிப் பிடித்தாலும் வாயு. வலி முதுகுக்கும் வலத் தோள்பட்டைக்கும் ஏறினாலும் வாயு. நள்ளிரவில் எழுந்து உட்கார வைத்தாலும் வாயு. ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, பெட்டிக்கடைச் சோடா என்று அந்த இரவு கழியும். விடிந்தால் அவர்களே எழுந்து சமையலறைக்குச் சென்றுவிடுவார்கள். வலித்தது என்பதையே வீடு மறந்துவிடும்.

எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் மறந்தோம். எங்கள் பெரிய லாத்தாவுக்கு மூன்று ரமளான்களாக அந்த வலி வந்து போயிற்று. நாள் முழுதும் வெறும் வயிறு. இஃப்தாரில் எண்ணெயில் பொரித்த பண்டங்கள். இரண்டு மணி நேரத்தில் வலி. நோன்பின் களைப்பு என்று அவர்களும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். மூன்றாம் ஆண்டு, பெருநாள் கழிந்த பத்தாம் நாள், அவர்களுடைய கண்கள் மஞ்சளாயின. காமாலைக்கு மருந்து கொடுப்பவர் பக்கத்து ஊரில் இருந்தார். ஒன்பது நாள்கள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், உப்பையும் எண்ணெயையும் நிறுத்தினோம், ஓதிப் பார்த்தோம். ஒன்பதாம் நாள் இரவு, மூன்று போர்வை போர்த்தியும் அடங்காத நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. பித்தநாளத்தில் கல் அடைத்து, அதன் பின்னால் சீழ் கட்டியிருந்தது.

அல்லாஹ்வின் கருணையால் லாத்தா பிழைத்தார்கள். ஆனால் அந்த ஒன்பது நாள்களுக்கும் பொறுப்பு நாங்கள்தாம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் இந்தக் கல் எங்கே, எப்படி உருவாகிறது என்பதை அறிந்துகொள்வோம். கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதன் ஒரு பகுதி பித்தப்பையில் தங்கிச் செறிவடைகிறது. கொழுப்புள்ள உணவு குடலுக்கு வந்ததும் பை சுருங்கிப் பித்தநீரைப் பித்தநாளத்தின் வழியே குடலுக்கு அனுப்புகிறது. அந்நீரில் கொலஸ்டிராலோ நிறமிகளோ அளவு மிஞ்சினால், அல்லது பை சரிவரச் சுருங்காமற் போனால், அவை படிந்து கல்லாகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு இது வருகிறது. பலமுறை கருவுற்றவர்கள், உடல் பருமனானவர்கள், மிக விரைவாக உடல் எடையைக் குறைத்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு மிகுதி.

பித்தப்பையில் கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அது தொல்லை தருவதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது என்பதற்காக மட்டும் அறுவை செய்துகொள்ள வேண்டியதில்லை என்பதே மருத்துவத்தின் பொதுவான நிலை. ஆனால் வலி வரத் தொடங்கிவிட்டால் அக்கல் இனிமேலும் தொல்லை தரும் என்று கொள்ள வேண்டும். அவ்வாறு தொல்லைப்படுவோரில் 100 பேருக்கு 10 முதல் 20 பேர் வரை பித்தநாளத்திலும் கல் இருக்கக்கூடும். பையில் இருக்கும் கல் நழுவி நாளத்தில் வந்து விழுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆபத்து தொடங்கும் இடம் இதுதான்.

நாளம் அடைபட்டால் பித்தநீர் குடலுக்குச் செல்ல இயலாமல் இரத்தத்தில் கலக்கிறது. கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கட்டன் சாயா நிறமாகிறது, மலம் வெளிறுகிறது, உடலெங்கும் அரிப்பு எடுக்கிறது. தேங்கிய பித்தநீரில் கிருமிகள் பெருகினால் நடுக்கக் காய்ச்சல் வருகிறது. வலி, மஞ்சள், நடுக்கக் காய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதைப் பித்தநாள அழற்சியின் அடையாளமாக 1877இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ஷார்க்கோ எழுதி வைத்தார். இன்றளவும் மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். முதியவர்களுக்கு இம்மூன்றும் சேர்ந்து வராமலும் போகலாம். பேச்சில் தடுமாற்றமும் சோர்வும் மட்டுமே தெரியலாம். அந்நிலையில் மணிக்கணக்கும் முக்கியமாகிறது.

இப்பொழுது கீழாநெல்லிக்கு வருவோம். முன்னோர் சொன்ன மூலிகையைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அன்று; பல நோய்களின் அடையாளம். அசுத்தமான நீரால் பரவும் கல்லீரல் அழற்சியில் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே குணமடைவார்கள். அந்த வாரங்களில் எந்தச் சாற்றைக் குடித்திருந்தாலும் குணமான பெருமை அந்தச் சாற்றுக்கே போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்த பெருமையை நம்பி, குழாய் அடைத்த காமாலைக்கும் அதையே கொடுக்கிறோம். அடைத்த குழாயைச் சாறு திறக்காது. இரண்டு காமாலைகளையும் கண்ணின் நிறத்தைக் கொண்டு பிரித்தறிய வைத்தியராலும் இயலாது, நம்மாலும் இயலாது. ஓர் இரத்தப் பரிசோதனையும் ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் பெரும்பாலும் ஒரே நாளில் அதைக் காட்டிவிடும்.

கல் என்றவுடன் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்வோரும் நம்மிடையே உண்டு. சிறுநீரகக் கல்லும் பித்தக்கல்லும் ஒன்று என்ற எண்ணமே இதற்குக் காரணம். நிறைய நீர் குடித்தால் சிறிய சிறுநீரகக் கற்கள் சிறுநீரோடு வெளியேறலாம். பித்தநாளம் அந்த நீர் செல்லும் பாதையன்று. ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் குடித்துக் கற்களை வெளியேற்றியதாகப் படம் எடுத்து அனுப்புவோரும் உளர். அவ்வாறு வெளிவந்த பச்சை உருண்டைகளை ஆராய்ந்த முடிவு 2005இல் தி லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அவற்றில் கொலஸ்டிராலும் இல்லை, பிலிரூபினும் இல்லை. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சவர்க்காரமாகத் திரண்டு வந்திருந்தது. அந்தப் பெண்மணியின் பித்தக்கற்கள் பையிலேயே இருந்தன. பிறகு அறுவை மூலமே அகற்றப்பட்டன.

அப்படியானால் உண்மையான மருத்துவம் என்ன? ஒரு காலத்தில் பித்தநாளக் கல்லை எடுக்க வயிற்றைத் திறப்பதைத் தவிர வழியில்லை. பெர்லினில் 1882இல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றிய நாள் தொட்டு ஏறத்தாழ நூறாண்டுகள் நிலைமை இதுவே. 1968இல் அமெரிக்காவில் மெக்கூன் என்ற அறுவை மருத்துவர் வாய்வழியே செலுத்திய எண்டோஸ்கோபி மூலம் பித்தநாளத்தின் வாயிலை எட்டினார். 1974இல் ஜப்பானில் கவாயும் ஜெர்மனியில் கிளாசனும் அந்த வாயிலை மின்கம்பியால் சிறிது கீறி அகலப்படுத்தும் முறையைத் தனித்தனியே வெளியிட்டார்கள். இன்று நாம் ஈ.ஆர்.சி.பி. என்று கேள்விப்படுவது அதன் வளர்ச்சியே.

அதில் நடப்பது இதுதான். சில மணி நேரம் வெறும் வயிற்றுடன் இருக்கச் சொல்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்தபின் வாய்வழியே வளையக்கூடிய குழாய் ஒன்றை இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடல் வரை செலுத்துகிறார்கள். அதன் நுனியில் பக்கவாட்டில் பார்க்கும் கண் இருக்கிறது. பித்தநாளமும் கணைய நாளமும் குடலில் வந்து திறக்கும் சிறு முனையைக் கண்டறிந்து, மெல்லிய கம்பியை நாளத்துக்குள் நுழைத்து, மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் கல்லைப் பார்க்கிறார்கள். வாயிலைக் கீறி அகலப்படுத்தி, சிறு பலூனாலோ கம்பிக் கூடையாலோ கல்லை இழுத்துக் குடலுக்குள் விட்டுவிடுகிறார்கள். அது மலத்தோடு போய்விடும். கல் பெரிதாயின் உள்ளேயே நொறுக்குவதற்கும் கருவிகள் உண்டு. சீழ் கட்டியிருந்தால் முதல் நாளில் கல்லைத் தேடிக்கொண்டிராமல், ஸ்டென்ட் எனும் சிறு குழாயை வைத்துச் சீழை வடியவிட்டு உயிரைக் காப்பாற்றுகிறார்கள்; கல்லைப் பிறகு எடுக்கிறார்கள். வயிற்றில் வெட்டு இல்லை, தையல் இல்லை. பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது.

இதில் ஆபத்தே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி ஏற்படலாம். பெரும்பாலும் சில நாள்களில் அது தணியும், சிலருக்குக் கடுமையாகும். இரத்தக்கசிவும் மிக அரிதாகக் குடலில் துளையும் ஏற்படலாம். அதனால்தான் கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் இதைச் செய்வதில்லை. ஐயம் இருந்தால் எம்.ஆர்.சி.பி. எனும் ஸ்கேனாலோ எண்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்டாலோ உறுதி செய்துகொண்ட பின்பே இதற்கு வருகிறார்கள். "இது ஏன் தேவை? கல் உறுதியாகத் தெரிந்துவிட்டதா? ஸ்டென்ட் வைத்தால் எப்போது எடுக்க வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களும் கருவுற்றவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் வணிகமாகிவிட்டது, தேவையற்ற சோதனைகளைச் செய்து பணம் பறிக்கிறார்கள் என்ற குறையும் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது முற்றிலும் பொய் என்று சொல்ல இயலாது. ஆனால் ஏமாற்றப்படுவோமோ என்ற அச்சத்திற்கு மருந்து இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதுதான். மருத்துவமே வேண்டாம் என்று இருப்பது அன்று. சென்னை, மதுரை போன்ற நகரங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரைப்பை, குடல் நோய்களுக்கெனத் தனித் துறைகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், தங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேரும் நாளிலேயே கேட்டறிய வேண்டும். அட்டை பீரோவில் இருக்க, நகையை அடகு வைத்த குடும்பங்களை நாம் அறிவோம்.

எங்கள் குடும்பத்தின் இரண்டாவது பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். லாத்தாவுக்கு அன்று சீழை வடித்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது, கண்கள் தெளிந்தன. வீட்டுக்கு அழைத்து வந்து, அயலாருக்கெல்லாம் சோறு ஆக்கிக் கொடுத்தோம். ஆறு வாரங்களில் திரும்ப வந்து கல்லையும் ஸ்டென்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதன்பின் பித்தப்பையை அகற்ற வேண்டும் என்று மருத்துவமனையில் கொடுத்த தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தத் தாள் மடித்த சேலைகளுக்கு அடியில் போயிற்று. நன்றாக இருப்பவரை எதற்கு மறுபடியும் படுக்க வைக்க வேண்டும் என்று மச்சானும் கேட்டார்கள், நாங்களும் கேட்டோம். எட்டு மாதங்கள் கழித்து அதே நடுக்கம், அதே மஞ்சள். உள்ளே ஸ்டென்ட் அடைபட்டு, அதைச் சுற்றியும் கல் படிந்திருந்தது. முதல் முறை எளிதாக முடிந்திருக்க வேண்டியது, இரண்டாம் முறை கல்லை நொறுக்கி எடுக்கும் வேலையாயிற்று.

ஆகவே இரண்டு செய்திகளை ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, பிளாஸ்டிக் ஸ்டென்ட் தற்காலிகமானது. பொதுவாக மூன்று மாதங்களுக்குள் அதை எடுத்துவிடவோ மாற்றவோ வேண்டும். இரண்டாவது, எண்டோஸ்கோபி நாளத்தில் இருக்கும் கல்லைத்தான் எடுக்கிறது. பையில் இருக்கும் கற்கள் அங்கேயே இருக்கின்றன. அடுத்த கல் எப்போது வேண்டுமானாலும் நழுவலாம். எனவே உடல்நிலை இடம் கொடுப்பவர்களுக்கு அதே முறை மருத்துவமனையில் இருக்கும்போதோ, அடுத்த இரண்டு வாரங்களுக்குள்ளோ லேப்பராஸ்கோபி மூலம் பித்தப்பையை அகற்றிவிடுவதே நல்லது. பை இல்லாமல் வாழலாமா என்று பலர் அஞ்சுகிறார்கள். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேமிக்கும் இடம் மட்டுமே. பை அகற்றப்பட்ட பின் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குச் சில காலம் வயிறு இளகிப் போகலாம். மற்றபடி எல்லோரையும் போல உண்ணலாம், உழைக்கலாம், நோன்பு நோற்கலாம்.

ஸ்டென்டோடு வளைகுடாவுக்குத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். விடுமுறை முடிகிறது, விசா காலாவதியாகிறது என்று பறந்துவிடுகிறார்கள். மருத்துவமனை கொடுத்த தாளின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, எடுக்க வேண்டிய நாளைக் குறித்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். ஹஜ், உம்ராவுக்கு நிய்யத் வைத்திருப்பவர்களும், பித்தக்கல்லால் ஒருமுறையேனும் வலி வந்திருந்தால், பயணத்திற்கு முன்பே மருத்துவரைக் காண்பது கடமையாற்றுவதற்கான ஆயத்தங்களில் ஒன்று.

இனி நம் வீடுகளின் வழக்கங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். அன்று ஒப்புதல் கையெழுத்துக் கேட்டபோது மச்சான் துபாயில் இருந்தார்கள். தொலைபேசி கிடைக்கவில்லை. அவர்களைக் கேட்காமல் எப்படி என்று நாங்கள் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். லாத்தா நினைவோடுதான் படுத்திருந்தார்கள். வயது வந்த, சுயநினைவுள்ள நோயாளியின் ஒப்புதலே போதுமானது என்று மருத்துவர் மும்முறை சொன்னார். நாங்கள் லாத்தாவைக் கேட்கவேயில்லை. ஒருவரும் தம்மைக் கேட்கவில்லை என்பதை லாத்தா பின்னொரு நாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எங்களால் சிரிக்க இயலவில்லை.

ஆண் மருத்துவர் என்பதால் தயங்கும் பெண்களும் உண்டு. அந்த நாணத்தை நாம் மதிக்கிறோம். பெண் மருத்துவர் இருந்தால் கேட்டுப் பெறலாம். பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். இந்தச் சிகிச்சையோ வாய்வழியே நடப்பது. எதுவும் கிட்டாத இக்கட்டில் உயிரைக் காக்கச் சலுகை உண்டு என்பதை மார்க்க அறிஞர்கள் தெளிவாகவே கற்பித்திருக்கிறார்கள். நோயாளிக்கு நோன்பில் அளிக்கப்பட்ட சலுகையும் அத்தகையதே. நடுக்கக் காய்ச்சலோடு நோன்பைத் தொடர்வது பக்தியாகாது.

ஓதிப் பார்ப்பதையும் துஆ செய்வதையும் நாம் ஒருநாளும் விடப்போவதில்லை. ஷிஃபா அல்லாஹ்விடமிருந்தே வருகிறது. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குச் சொன்னதும் நம் மார்க்கத்தில் உள்ளதுதான். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பின் வைக்கும் நம்பிக்கை. குர்துபாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறுவைக் கருவிகளை வரைந்து காட்டி நூல் எழுதிய அஸ்ஸஹ்ராவியை மேடைகளில் பெருமையோடு நினைவுகூர்கிறோம். நம் உம்மாவின் கண் மஞ்சளானால் மட்டும் கருவிகளுக்கு அஞ்சி ஒன்பது நாள்கள் காத்திருக்கிறோம். இந்த முரண்பாட்டை நம்மால் எப்படி நியாயப்படுத்த இயலும்?

நம் ஜமாஅத்துகளால் இயலக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கண் மஞ்சளானவருக்கு அன்றே இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்ய வசதியில்லையெனில் பைத்துல்மாலிலிருந்து உதவலாம். பெண்களுக்கான பயானில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு பெண் மருத்துவரைப் பேச வைக்கலாம். ஆங்கிலத் தாளைப் படித்து, எப்போது திரும்பச் செல்ல வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் இருவர் போதும். ஆம்புலன்ஸ் வாங்க வசூலிக்கும் ஊர்களில், அதில் ஏற வேண்டிய நேரம் எது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

லாத்தா இப்போது நலமாக இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பித்தப்பையை அகற்றி இரண்டு ரமளான்கள் கடந்துவிட்டன. இவ்வாண்டு முப்பது நோன்பையும் வலியின்றி நிறைவு செய்தார்கள். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கு மேல் வயிறு வலித்தாலும், வாயு என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள், "முதல்ல ஸ்கேன் எடும்மா" என்று சொல்பவர் அவர்கள்தாம்.

உங்கள் வீட்டில் உண்ட பின் வலியென்று எழுந்து உட்காரும் உம்மாவோ லாத்தாவோ மாமியோ இருந்தால், இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். கண்ணில் மஞ்சள் தெரிந்தால் இன்றே செல்லுங்கள். நடுக்கக் காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக. நம் கவனக் குறைவுகளை மன்னிப்பானாக. ஆமீன்.